பள்ளத்தில் ஒரு வெள்ளைச் சுவர்

ஒரு பிளாஸ்டிக் பையைத் திறக்கக் குறடு தேவைப்படும் என்று ரேடியோ எதிர்பார்க்கவில்லை.

பையின் வாயை இரண்டு மடிப்பாக மடித்து, அதன்மேல் மெல்லிய கம்பியைச் சுற்றி, முறுக்கி, முறுக்கிய முனையையும் உள்ளே திருப்பி விட்டிருந்தார் அதைக் கொண்டுவந்தவர். காற்றுகூட நுழையக் கூடாது என்ற பிடிவாதம் அந்தக் கட்டில் தெரிந்தது. ரேடியோ நகத்தால் நோண்டிப் பார்த்தான், பல்லால் கடித்துப் பார்த்தான், கடைசியில் காரிலிருந்து குறடை எடுத்து வந்தான்.

"இந்தக் கட்டுக்காரர்கிட்ட என் வாயைக் கொடுத்திருந்தா உங்களுக்கு நிம்மதியா இருந்திருக்கும், மாமா" என்றான்.

"இப்பவும் கொடுக்கலாம், மாப்ள" என்றார் சர்வேயர், தலையைத் தூக்காமல்.

ரேடியோ அவருடைய மனைவியின் தம்பி. அவனுக்கு அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான்; காதைத் திருகினால் சத்தம் கூடுமே தவிர நிற்காது. அவர் ஒரு காலத்தில் காப்பீட்டுக் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்துத் தப்பு யாருடையது என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுதியதை மாற்றி எழுதச் சொன்னார்கள். வேலை போயிற்று, சர்வேயர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது தனியாகத் துப்பறிகிறார். பொய் சொல்ல மாட்டார், கூட இருப்பவர்களையும் சொல்ல விடமாட்டார். மனைவி சமைத்தது சரியில்லை என்றால் அதையும் சொல்லிவிடுவார். அந்த வீட்டில் ரேடியோவுக்கு நிரந்தர இடம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். நடுவில் ஒருத்தன் வேண்டியிருந்தது.

பையிலிருந்து விரிசல் விட்ட ஹெல்மெட் வந்தது. ஒற்றைக் காலணி வந்தது. ஆஸ்பத்திரி அடையாள அட்டை, நசுங்கிய டிபன் பாக்ஸ். அட்டையிலிருந்த பெண் போட்டோ எடுக்கிறவனைப் பார்த்துச் சிரித்திருந்தாள். நர்ஸ். காலை ஷிப்டுக்குப் போகும்போது, புறவழிச் சாலை பள்ளமாக இறங்கும் இடத்தில், எதிரே வந்த லாரி அவள் ஸ்கூட்டரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பையைக் கொண்டுவந்தவர் அவளுடைய அப்பா. ஏதோ பட்டறையில் மேஸ்திரி என்று சொன்னார். முன்கையெல்லாம் மிளகு தூவினாற்போல் தீப்புள்ளித் தழும்புகள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வேண்டியதை வேண்டியமட்டும் சொன்னார். லாரி டிரைவர் போலீசில் என்ன சொல்லியிருக்கிறான் தெரியுமா? பள்ளத்தில் இறங்கியதும் எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி மூடுபனியாம். தன் வண்டியின் மூக்கே தெரியவில்லையாம். ஹாரன் சத்தம் மட்டும் கேட்டதாம். வானிலை ஆபீசில் விசாரித்தால், அன்றைக்கு அந்தப் பக்கம் எங்குமே பனி இல்லை என்கிறார்கள். வெயில் ஏறிய பிறகு போலீஸ் வந்து பார்த்தபோது சாலை கண்ணாடி மாதிரி இருந்திருக்கிறது.

"அவன் சொன்ன ரெண்டுமே பொய் சார். பனியும் பொய், ஹாரனும் பொய். என் பொண்ணு ஹாரன் அடிக்கவே மாட்டா. நோயாளி தூங்குற இடத்துல வேலை செஞ்சு பழகினவ. முன்னாடி மாடு நின்னாக்கூட வண்டியை நிறுத்திட்டுக் காத்திருப்பா. தூங்கிட்டே ஓட்டிட்டு வந்து ஏத்திட்டான். அதை நிரூபிச்சுக் கொடுங்க. அது போதும் எனக்கு."

சர்வேயர் தன் வழக்கப்படி எச்சரித்தார். எது உண்மையோ அதைத்தான் சொல்வேன், உங்களுக்கு வேண்டியதைச் சொல்ல மாட்டேன், சம்மதமா? மேஸ்திரி தலையாட்டினார். உண்மைதான் தனக்கும் வேண்டும் என்றார். உண்மை வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் தலையாட்டுகிறார்கள்.

டிரைவரையும் அவர்கள் ஜெயிலில் போய்ப் பார்த்துவிட்டார்கள். இருபதுகளைத் தாண்டாத ஆள். கைக்குழந்தையை ஜன்னல் கம்பி வழியாகக் காட்டிவிட்டுப் போன மனைவியின் பக்கமே அவன் கண் இருந்தது. போலீசில் எழுதியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னான். "ஹாரன் ஒரு தடவை இல்ல சார். விடாம அடிச்சுக்கிட்டே வந்துச்சு. பயந்து போய் அடிக்கிற மாதிரி. எந்தப் பக்கம்னு தெரியல. நான் பிரேக்ல ஏறி நின்னுட்டேன். அப்புறம் நின்னு போச்சு, அந்தச் சத்தம்."

வெளியே வந்ததும் ரேடியோ, ஆள் நன்றாக நடிக்கிறான் என்றான். சர்வேயர் இல்லை என்றார். பொய் சொல்கிறவன் தனக்குச் சாதகமாகச் சொல்வான். எதிரே வண்டி வருவதே தெரியவில்லை, ஒரு சத்தமும் கேட்கவில்லை என்பான். ஹாரன் கேட்டது என்று சொன்னால், கேட்டும் ஏன் நிற்கவில்லை என்று வக்கீல் கழுத்தைப் பிடிப்பார். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிற பொய்யை அவர் இதுவரை பார்த்ததில்லை.

வழக்கு மறுநாள் காலை கோர்ட்டுக்கு வருகிறது. பனி இருந்ததற்குச் சாட்சி இல்லையென்றால் டிரைவருக்குப் பல வருஷம். அதனால் அன்றைக்கே பள்ளத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. சாலை வயிறு மாதிரி உள்வாங்கி, மறுபடி மேலேறியது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் புல் மண்டிய காலி மனை. தூரத்தில் ஊர்க் குப்பைமேடு. குப்பைமேட்டைக் கண்டதும் ரேடியோவுக்குக் கேஸ் முடிந்துவிட்டது. குப்பையை எரித்திருக்கிறார்கள், புகை இறங்கியிருக்கிறது, அதைப் பனி என்று நினைத்திருக்கிறான். வீட்டுக்குப் போகலாம்.

சர்வேயர் பள்ளத்தின் நடுவில் நின்ற 'வேகத்தைக் குறை' பலகையைச் சுற்றி வந்தார். பலகையும் கம்பமும் புதுசு. நட்டுச் சில மாதம்கூட இருக்காது. கம்பத்தின் ஒரு பக்கம் பளபளப்பு. மறுபக்கம், வாய்க்காலைப் பார்த்த பக்கம், பெயிண்ட் கொப்புளித்துத் துரு ஏறியிருந்தது.

"மழை ரெண்டு பக்கமும்தானே பெய்யும்?" என்றார்.

"ஒருவேளை ஒரு பக்கம் மட்டும் அழுதிருக்கும், மாமா."

அவர் துருவில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார். ரேடியோ முகத்தைச் சுளித்தான். இவர் பொய்யைச் சாப்பிடமாட்டாரே தவிர மற்றதெல்லாம் சாப்பிடுவார்.

"உப்பு" என்றார்.

கடல் அங்கிருந்து ஒரு பகல் பயணம். உப்பு எப்படி வந்தது என்று கேட்க ரேடியோ வாயைத் திறப்பதற்குள் அவர் குன்றைக் காட்டினார். உச்சியில் வெள்ளையடித்த சின்னக் கட்டடம். கூரையில் ஒரு ஜன்னல். அது வானத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

---

கட்டடத்துக்குள் ஒரே ஒரு அம்மாள் இருந்தார். ஸ்வெட்டர் போட்டிருந்தார். உள்ளே அத்தனை குளிர். அந்த ஏசியை எங்கள் வீட்டு பிரிட்ஜ் பார்த்தால் வேலையை ராஜினாமா செய்துவிடும் என்றான் ரேடியோ. அவர் சிரிக்கவில்லை. மெஷின் சூடாகக் கூடாது, மனிதர்கள் எப்படியோ போகட்டும் என்றார். ரேடியோ அந்த நிமிஷமே அவருக்கு லேசர்க்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டான்.

வேலை என்னவென்று அவர் அலுப்பில்லாமல் சொன்னார். யாரும் கேட்பதில்லை போலும். காற்றில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மிதக்கின்றன. தூசு, புகை, உப்பு. இங்கிருந்து கண்ணை உறுத்தாத அளவுக்கு லேசர் ஒளியைச் சிமிட்டிச் சிமிட்டி அனுப்புகிறார்கள். துகள் மேல் பட்டு ஒரு துளி ஒளி திரும்பி வருகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் துகள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும், வந்த அளவை வைத்து எவ்வளவு பெருத்திருக்கிறது என்றும் தெரியும். லைடார் என்று பெயர். தொட வேண்டியதில்லை, கிட்டே போக வேண்டியதில்லை.

"பெருக்குமா? துகளுமா?" என்றான் ரேடியோ, தன் வயிற்றைத் தடவிக்கொண்டு.

"மழைக்காலத்துல உப்பு டப்பாவைத் திறந்து வெச்சா என்ன ஆகும்?"

"கசகசன்னு ஆயிடும்."

"மணலைத் திறந்து வெச்சா?"

"மணல் மணலாத்தான் இருக்கும்."

"அவ்வளவுதான் என் படிப்பு" என்றார் அவர். சில துகள் ஈரத்தைக் குடித்துப் பெருக்கும், சில குடிக்காது. காற்றில் ஈரம் ஏற ஏற எது எவ்வளவு குடிக்கிறது என்று அளப்பதற்குத்தான் இந்த மெஷின். உப்பு வகையில் ஒரு விசேஷம் உண்டு. ஈரப்பதம் ஒரு அளவு வரும்வரை அது காய்ந்த கல்லாகவே இருக்கும். அந்த அளவைத் தாண்டியதும் சட்டென்று கரைந்து நீர்த்துளியாகிவிடும். அதன் பிறகு நிறுத்தாமல் குடிக்கும்.

எங்கள் வீட்டு உப்பு டப்பாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று ரேடியோ வருத்தப்பட்டான். சர்வேயர் அவனைப் பேச விட்டார். அவன் பேசும்போது மற்றவர்கள் தளர்ந்துவிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். பிறகு விபத்து நடந்த விடியற்காலையைக் கேட்டார். மெஷின் அன்றைக்குப் பள்ளத்தைப் பார்த்ததா?

அம்மாளின் கை கீபோர்டின்மேல் நின்றது.

"அந்த நாளை நான் தூக்கிப் போட்டுட்டேன்" என்றார்.

அழித்துவிடவில்லை, கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டார். மேகமோ பனியோ குறுக்கே வந்தால் அந்த நாளை ஒதுக்குவது அவர்கள் தொழிலின் வழக்கம். துகளை அளக்க வந்தவர்களுக்குத் தண்ணீர் இடைஞ்சல். அன்றைக்குத் திரையில் வெள்ளையாக ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. பனி என்று கம்ப்யூட்டரே ஒதுக்கியது. இவரும் சரி என்றார். ஒரே ஒரு உறுத்தல். ஈரப்பதம் எண்பத்தைந்து சதவீதத்தைத் தாண்டவில்லை. நூறைத் தொடாமல் மூடுபனி வராது. ஈரப்பத மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் கழற்றி அனுப்பினார். கெடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று திரும்பி வந்தது. அதோடு மறந்துபோனார்.

"அங்க ஒரு பொண்ணு செத்துப்போச்சு மேடம்" என்றான் ரேடியோ. சிரிப்பு இல்லாமல் அவன் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அவருக்குத் தெரியவில்லை. குன்றின் மேலிருந்து பார்த்தால் சாலையில் நடப்பது எறும்பு ஊர்வதுபோல்தான் இருக்கும். ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு, ஒதுக்கிய நாளைத் தேடி எடுத்துத் திரையில் போட்டார்.

கறுப்புத் திரையில் வெள்ளைக் கட்டி. பள்ளத்தைக் கிண்ணம்போல் நிரப்பியிருந்தது. டிரைவர் சொன்ன சுவர்.

"ஆக, அவன் பொய் சொல்லலை" என்றான் ரேடியோ. ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இன்னொரு பக்கம் மேஸ்திரியை நினைத்துச் சங்கடமாகவும் இருந்தது. "குப்பைமேட்டுப் புகைதானே?"

இல்லை என்றார் அம்மாள். குப்பைப் புகையில் கரி இருக்கும். எரிந்த உடனே கரி தண்ணீர் குடிக்காது. இது குடித்திருக்கிறது, மிடறு மிடறாக. திரையில் இன்னொரு படம் வந்தது. மூலையும் முனையும் உள்ள துகளில் பட்டு வரும் ஒளி முறுக்கிக்கொண்டு வரும்; உருண்டையான துளியில் பட்டு வருவது போனபடியே வரும். பள்ளத்தில் இருந்ததெல்லாம் உருண்டை.

சர்வேயர் திரைக்கு மிக அருகே குனிந்தார். "பள்ளத்துக்கு முன்னாடி?"

அம்மாள் வெளிச்சத்தைக் கூட்டினார். அப்போதுதான் அது தெரிந்தது. வெள்ளைக் கட்டியிலிருந்து பின்னோக்கி, வாய்க்காலைத் தாண்டி, ஒரு மங்கலான நூல். வெறும் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது என்றார் அம்மாள். பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூட. அந்த நூலில் இருந்ததெல்லாம் மூலை முனையுள்ள துகள். காய்ந்த உப்புக்கல். சூடான இடத்திலிருந்து கிளம்பி, ஆறி, வாய்க்காலின் ஈரத்துக்குள் நுழைந்ததும் குடிக்க ஆரம்பித்து, காற்றில்லாத பள்ளத்தில் தேங்கி, சுவராகியிருக்கிறது. கிளம்பிய இடத்தில் சுத்தம். போய்ச் சேர்ந்த இடத்தில் குருட்டு வெள்ளை. வெயில் ஏறி ஈரம் குறைந்ததும் துளிகள் மறுபடி சுருங்கியிருக்கும். போலீஸ் பார்த்தபோது சாலை பளிச்சென்று இருந்ததில் ஆச்சரியமில்லை.

"பத்த வெச்ச இடத்துல புகை இல்ல. புகை இருந்த இடத்துல நெருப்பு இல்ல. இப்படி ஒரு திருடனை நான் பார்த்ததே இல்ல மாமா."

நூலின் மறுமுனையை வரைபடத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார் சர்வேயர். ஒரு நீளமான தகரக் கூரை வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தொழிற்பேட்டையின் கடைசி ஷெட். என்ன ஷெட் என்று அம்மாளுக்குத் தெரியாது. உப்பைச் சூடுபண்ணி ஆவியாக்குகிற ஏதோ தொழில் என்றார்.

சர்வேயர் நிமிர்ந்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தப் படத்தோடு நாளைக்குக் கோர்ட்டுக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டார். அம்மாள் வருவதாகச் சொன்னார். வாசல்வரை வந்தவர், அந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று ரேடியோவிடம் கேட்டார். அவன் அடையாள அட்டையிலிருந்ததைச் சொன்னான். அவர் திரும்ப உள்ளே போய்விட்டார்.

---

மலையிறங்கும்போது ரேடியோ கொண்டாட்டத்தில் இருந்தான். இனி டிரைவர் தப்பித்தான். மேஸ்திரிக்கும் ஒரு வழி பிறந்தது. கோபத்தை இறக்கிவைக்க வேறு ஆள் கிடைத்துவிட்டான். எவனோ ஒரு முதலாளி, காசு மிச்சம் பிடிக்கப் புகைபோக்கியை மூடிவைத்திருக்கிறான். அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து மேஸ்திரி முன்னால் நிறுத்த வேண்டும். என்ன வசனம் பேசலாம் என்பதுவரை அவன் யோசித்துவிட்டான்.

சர்வேயர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். ஒரு தடவைகூட வாயை மூடு என்று சொல்லவில்லை. ரேடியோ அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

ஷெட் வாசலில், "நீ வண்டியிலயே இரு மாப்ள" என்றார்.

"கிளைமாக்ஸ்ல ஹீரோவை வெளியில நிறுத்தலாமா?" என்று அவனும் இறங்கினான்.

கால்வனைசிங் பட்டறை. இரும்புச் சாமான்களுக்கு ஜிங்க் முலாம் பூசுகிற இடம். அமிலத்தில் கழுவிய கம்பிகள் ஒரு பக்கம் சாத்தியிருந்தன. மறுபக்கம் முலாம் பூசிய சாலையோரத் தடுப்புகள் நிலா நிறத்தில் அடுக்கியிருந்தன. நடுவில் நீளத் தொட்டி; உள்ளே உருகிய ஜிங்க், கண்ணாடிபோல் அசையாமல். மேலேயிருந்து சங்கிலியில் ஒரு தடுப்பு இறங்கியது. தொட்டியைத் தொட்டதும் புஸ்ஸென்று வெள்ளைப் புகை எழுந்து, பின்பக்க ஷட்டர் வழியாக வெளியே போயிற்று. ரேடியோ கண்ணால் தொடர்ந்தான். ஷட்டரைத் தாண்டி நாலடி போனதும் புகை மறைந்தது. மதிய வெயில், வாய்க்கால், புல். அவ்வளவுதான்.

பிறகு அவன் மூட்டைகளைப் பார்த்தான்.

உலைச் சுவரை ஒட்டி, சூடு படுகிற இடத்தில், வெள்ளைத் தூள் மூட்டைகள். ஒவ்வொன்றின் வாயும் இரண்டு மடிப்பாக மடித்து, கம்பி சுற்றி, முறுக்கி, முனையை உள்ளே திருப்பியிருந்தது.

ரேடியோவின் கை தன்னையறியாமல் சட்டைப்பையைத் தொட்டது. குறடு இன்னும் அதில்தான் இருந்தது. அவன் சர்வேயரைப் பார்த்தான். எப்போது தெரிந்தது என்று கேட்க நினைத்தான். தீப்புள்ளித் தழும்பு, நாக்கில் பட்ட உப்பு, தகரக் கூரை. அவர் குன்றின் மேலேயே கூட்டிப் பார்த்துவிட்டார். மலையிறங்கும் வழி முழுக்க, பேசிக்கொண்டு வந்தவன் இவன்.

தொட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, நீளக் கரண்டியைச் சாத்திவைத்துவிட்டு மேஸ்திரி வந்தார். இவர்களைக் கண்டதும் முகத்தில் ஒரு பரபரப்பு. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நிரூபிச்சாச்சா சார்? அவன் சொன்னது பொய்தானே?"

"பொய் இல்லைங்க" என்றார் சர்வேயர். "வெள்ளைச் சுவர் இருந்திருக்கு. பார்த்துட்டு வந்தோம்."

"பனி இல்லைன்னு வானிலை ஆபீஸ்ல எழுதியே கொடுத்தாங்களே."

"பனி இல்ல."

மேஸ்திரிக்குப் புரியவில்லை. பனி இல்லாமல் வெள்ளை எங்கிருந்து வரும் என்று கேட்டார். சர்வேயர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். அந்த மூட்டையில் இருப்பது என்ன?

நவச்சாரம் என்றார் மேஸ்திரி, ஒரு வகை உப்பு. அதைப் போட்டால்தான் இரும்பில் ஜிங்க் பிடிக்கும். தொட்டியில் பட்டதும் புகையாகிப் போய்விடும். இங்கே விசிறி ஓடி வருஷமாகிறது. முன்வாசலைத் திறந்தால் ஆபீஸ்காரர்கள் இருமுகிறார்கள். அதனால் பின்ஷட்டரைத் திறந்துவிடுவது வழக்கம். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. யாருக்கும் தொந்தரவு வந்ததில்லை.

"வாயை ஏன் இப்படிக் கட்டி வெச்சிருக்கீங்க?"

"நவச்சாரம் ஆச்சே சார். திறந்து கிடந்தா காத்துல இருக்கிற தண்ணியை எல்லாம் இழுத்துக்கும். விடியறதுக்குள்ள ஊறி..."

தொட்டியில் ஏதோ ஒரு கொப்புளம் வெடித்தது. மேஸ்திரி மூட்டையைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு திரும்பி, பின்ஷட்டரை, அதற்கு வெளியே வாய்க்காலை, வாய்க்காலுக்கு அப்பால் சாலை இறங்குகிற இடத்தைப் பார்த்தார். சர்வேயர் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அந்தத் தூளை ஈரத்திடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தவர் அவர். புகையும் அதே தூள்தான் என்பது மட்டும் அவருக்குத் தோன்றியதில்லை. ஷெட்டுக்குள் சூடு, புகை மெல்லியதாக இருக்கும். வெளியே போனதும் காணாமல் போகும். காணாமல் போனது எங்கே போயிற்று என்று யார் யோசிப்பார்கள்.

"மதியம்தான் சார் எப்பவும் முக்குவோம்" என்றார் கடைசியில். யாரிடமோ சொல்வதுபோல் இருந்தது குரல். "வெயிலும் உலையும் சேர்ந்து எனக்குத் தலை சுத்த ஆரம்பிச்சுது. அவதான் பிரஷர் பார்த்தா. திட்டினா. வெயில்ல நிக்காதப்பா, விடியக்காலைல குளுகுளுன்னு இருக்கும்போது முடிச்சிட்டு வந்துடுன்னா. அந்த வாரம்தான் மாத்தினேன். அவ போன மறுநாள்லேர்ந்து பழையபடி மதியம். எப்ப முக்கினா என்னன்னு விட்டுட்டேன்."

ரேடியோவிடம் எந்தச் சந்தர்ப்பத்துக்கும் ஒரு வார்த்தை இருக்கும். சாவு வீட்டில்கூட யாரையாவது தண்ணீர் குடிக்க வைத்துவிடுவான். இப்போது அவன் குறடைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினான்.

மேஸ்திரி நடந்துபோய்ப் பின்ஷட்டரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். துருப்பிடித்த ஷட்டர் அலறிக்கொண்டு இறங்கியது. அடுத்த தடுப்பு தொட்டியில் இறங்கியபோது புகைக்குப் போக இடமில்லை. ஷெட்டுக்குள்ளேயே சுற்றியது. ஆட்கள் இருமினார்கள், திட்டினார்கள். அவர் அதன் நடுவில் நின்றார். சர்வேயர்தான் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

வெளியே வந்ததும் மேஸ்திரி, நாளைக்குக் கோர்ட்டில் தான் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். இப்போது சொன்னதையே சொன்னால் போதும் என்றார் சர்வேயர். உங்களுக்கும் தண்டனை வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மேஸ்திரி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. டிரைவருடைய வக்கீலை இன்றைக்கே பார்க்க முடியுமா என்றார்.

மூன்று பேரும் காரில் ஏறினார்கள். ரேடியோ ஓட்டினான். வக்கீல் ஆபீசுக்குப் பள்ளம் வழியாகத்தான் போக வேண்டும். சுற்றிப் போகலாமா என்று பக்கத்திலிருந்த சர்வேயரைப் பார்த்தான். மேஸ்திரியே, நேரா போங்க தம்பி என்றார்.

பள்ளத்தில் சாலை உள்ளங்கை மாதிரி தெளிவாக இருந்தது. ஒரு பக்கம் துருவேறிய பலகை நின்ற இடத்தில் மேஸ்திரி வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் பொய் சொல்லலைன்னா, ஹாரனும் நிஜம்தானே?"

சர்வேயர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"அப்ப அவ அடிச்சிருக்கா" என்றார். "அடிக்கவே மாட்டா. கண்ணு தெரியாம, பயந்துபோய்..." பிறகு முன்னால் குனிந்து, ரேடியோவின் தோளைத் தொட்டார். "தம்பி, நீங்கதான அவனைப் பார்த்துப் பேசினீங்க. ரொம்ப நேரம் அடிச்சாளாமா?"

ரேடியோ ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தான். பக்கத்து சீட்டில், வாழ்க்கையில் ஒரு பொய்யைத் தன் முன்னால் போக விடாத மனிதர் உட்கார்ந்திருந்தார். மறைத்தாலும் ஒருநாள் கோர்ட்டில் டிரைவர் வாயாலேயே அது வெளியே வரும்.

"இல்லைங்கய்யா" என்றான். "ஒரே ஒரு தடவைதான். சும்மா, லேசா."

மேஸ்திரி பின்னால் சாய்ந்துகொண்டார். "ஒரு தடவைதான்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

சர்வேயர் ஜன்னல் பக்கம் திரும்பி, வாய்க்காலுக்கு அப்பால் தெரிந்த தகரக் கூரையைப் பார்த்தபடி இருந்தார். திருத்தவில்லை.

"வண்டியை எடு மாப்ள" என்றார்.